மொழியை இழந்த நடிகர்

நாடகக் கலையிற் சிறிதேனும் ஈடுபாடு கொண்டோர் ஸ்தனிஸ்லவ்ஸ்கி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பர். உலகச் சிறுகதைகளை வாசிப்போர் அன்ரன் செக்கோவை நன்கறிவர். முன்னவருக்கு மாணாக்கராகவும் பின்னவருக்குத் தமையன் மகனாகவும் அமைந்த மைக்கேல் செக்கோவை எமது வாசகர்களிற் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ருஷ்ய மொழியில் அவர் பெயர் மிகயில். தன் நாட்டின் தலைசிறந்த நடிகர் எனப் பெயர்பெற்ற பின்னர், முப்பத்தாறாவது வயதில் நாட்டைவிட்டு வெளியேறி, மொழி தெரியாத நாடுகள் பலவற்றில் அலைந்து, ஈற்றில் நடிப்பைக் கற்பிக்கும் ஆசானாக நிலைபெற்றவர் அவர். ஓவியன் நாடு கடந்தால் தூரிகையை உடன் கொண்டு செல்லலாம். இசைக் கலைஞனுக்கும் அவ்வாறே. நடிகனின் கருவியோ அவனது மொழி. அது எல்லையைக் கடந்ததும் பயனற்றுப் போய்விடுகிறது. அந்நிலையில் இம்மனிதர் என்ன செய்தார் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைக்கேல் செக்கோவ் 1891ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர், அன்ரன் செக்கோவின் மூத்த சகோதரர். பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர், பத்திரிகையாளர், தாமும் கதைகள் எழுதியவர். பல துறைகளில் அறிவு கொண்டிருந்த அவரை மதுப்பழக்கம் ஆட்கொண்டிருந்தது. தந்தை மீதான வியப்பும் அச்சமும் ஒருங்கே கலந்த சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு நடிப்பே புகலிடமாயிற்று. வீட்டிலே தாயாரும் வளர்ப்புத் தாதியும் அவனது பார்வையாளர்கள். கைக்கு அகப்பட்ட உடையை அணிந்துகொண்டு, அவ்வுடைக்குரிய மனிதனாக மாறிவிடுவது அவனது விளையாட்டு.

பதினாறு வயதளவில் அவர் சுவோரின் என்பாரின் நாடகப் பள்ளியிற் சேர்ந்தார். பயிற்சி முடிந்து அதே அரங்கில் நடிகரானார். 1912இல் மொஸ்கோ கலை அரங்கினர் பீற்றர்ஸ்பேர்க்குக்கு வந்தபோது அன்ரன் செக்கோவின் மனைவியும் அவ்வரங்கின் முதன்மை நடிகையுமான ஒல்கா நிப்பர், இளைஞரை ஸ்தனிஸ்லவ்ஸ்கியின் முன் நிறுத்தினார். அந்த நேர்முகத் தேர்வைப் பற்றிச் செக்கோவ் பிற்காலத்தில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். இறுக்கமான கழுத்துப்பட்டி அந்த நேரம் பார்த்து வெடித்து, அதன் கூரிய முனைகள் இரு கன்னங்களிலும் குத்தி நின்றனவாம். ஆயினும் இளைஞர் தெரிவு செய்யப்பட்டார். எங்கள் பாடசாலைகளில் ஒப்பனை மீசை கழன்று விழுந்தமைக்காக மனமுடைந்து போன சிறுவர்கள் இக்கதையை அறிந்திருந்தால் ஆறுதலடைந்திருப்பர்.

அதே ஆண்டில் ஸ்தனிஸ்லவ்ஸ்கி இளம் நடிகர்களைக் கொண்டு முதலாம் ஸ்ரூடியோ என்ற பயிற்சிக் களத்தை ஆரம்பித்தார். நடிப்புக்கு ஒரு முறைமையை வகுப்பதே அவரது நோக்கம். நடிகன் தன் வாழ்வில் உண்மையாகப் பட்ட துயரத்தையும் மகிழ்ச்சியையும் நினைவிலிருந்து மீட்டெடுத்து மேடையிற் பயன்படுத்த வேண்டும் என்பது அக்காலத்தில் அவர் கற்பித்த பயிற்சிகளுள் ஒன்று. இது பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. உண்மைச் சம்பவம் ஒன்றை நடித்துக் காட்டும்படி பணிக்கப்பட்டபோது, செக்கோவ் தம் தந்தையின் மரணச் சடங்கை நடித்துக் காட்டினாராம். ஆசான் உருகிப் போனார். பின்னரே தந்தையார் உயிரோடு இருக்கிறார் என்பது தெரிய வந்தது. கற்பனை அளவு கடந்தவர் என்று மாணவர் கண்டிக்கப்பட்டார். கதை முழுவதும் உண்மையோ, காலப்போக்கில் மெருகேறியதோ, ஆசானுக்கும் மாணவனுக்கும் இடையே பின்னர் எழுந்த பெரும் கருத்து வேறுபாட்டின் வித்து இதிலே தெளிவாகத் தெரிகிறது. நடிப்பின் ஊற்று நினைவா, கற்பனையா என்பதே அவ்வேறுபாடு. தன் வாழ்நாள் முழுவதும் செக்கோவ் கற்பனையின் பக்கமே நின்றார்.

ஸ்ரூடியோவின் முதல் நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது கோபுஸ் என்ற முதிய மீனவனின் சிறு பாத்திரம். வழமையாக அதனை அசட்டுக் கிழவனாகவே நடிப்பர். செக்கோவோ உண்மையைத் தேடி அலையும் துயர மனிதனாக அவனை மாற்றிவிட்டார். நாடகாசிரியர் எழுதியதும் நெறியாளர் கேட்டதும் இதுவல்ல என்ற குறை எழுந்தபோது, நூலுக்கு அப்பாற் சென்று அம்மனிதனைக் கண்டடைந்ததாக அவர் விடையளித்தார். 1914இல் டிக்கன்ஸின் கதையொன்றைத் தழுவிய நாடகத்தில், பார்வையற்ற மகளின் பொருட்டு வறுமையை மறைத்துப் பொய்யுலகம் ஒன்றைப் படைக்கும் பொம்மை செய்யும் கிழவனாக நடித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று.

வெற்றியின் பின்னால் வீழ்ச்சியும் வந்தது. முதலாம் உலகப் போர், புரட்சி, உள்நாட்டுப் போர் என நாடு குலைந்த வேளையில் அவரது வாழ்வும் குலைந்தது. தந்தையைப் பற்றிய மதுப்பழக்கம் மகனையும் பற்றியது. இளம் மனைவி குழந்தையுடன் பிரிந்து சென்றார். 1917இன் இறுதியில் சிற்றப்பன் மகன் ஒருவர் செக்கோவின் கைத்துப்பாக்கியாலேயே தம்முயிரைப் போக்கிக்கொண்டார். காரணமற்ற அச்சங்கள் பீடித்து, மேடையேற முடியாதவராய்ச் செக்கோவ் வீட்டில் முடங்கினார். ஸ்தனிஸ்லவ்ஸ்கி அவரிடம் மனநோய் வைத்தியர்களை அனுப்பி வைத்தார் என அறிகிறோம்.

அவரை மீட்டவற்றுள் முக்கியமானது கற்பித்தல். 1918இல் தம் மொஸ்கோ வீட்டிலேயே ஒரு சிறு நாடகப் பயிற்சிக்கூடத்தை அவர் ஆரம்பித்தார். பசியும் குளிரும் நகரை வாட்டிய ஆண்டுகள் அவை. அந்த நிலையில் இளைஞர்கள் அவ்வீட்டிற் கூடி, கற்பனைப் பயிற்சிகளிலும் கதைகளை நடித்துப் பார்ப்பதிலும் ஈடுபட்டனர். 1922 வரை அது நடந்தது. முற்றும் தேர்ந்த பின்னரே ஒருவர் கற்பிக்கத் தொடங்குகிறார் என்று நாம் எண்ணுகிறோம். இவரோ தாம் உடைந்து கிடந்த வேளையிற் கற்பிக்கத் தொடங்கியவர். சில ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இராது.

1921ஆம் ஆண்டில் அவர் நடித்த இரு பாத்திரங்கள் அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தின. ஒன்று வக்தாங்கோவின் நெறியாள்கையில், ஸ்ரின்ட்பேர்க்கின் நாடகத்தில் வரும் மனம் பேதலித்த மன்னன் பதினான்காம் எரிக். மற்றது ஸ்தனிஸ்லவ்ஸ்கியின் நெறியாள்கையில், கோகோலின் 'அரசாங்கப் பரிசோதக'ரில் வரும் போலி மனிதன் கிளெஸ்தகோவ். அழிவை நோக்கிச் செல்லும் அரசனையும் வெறுமையே உருவான புளுகனையும் ஒரே மனிதர் ஒரே ஆண்டில் நடித்தார் என்பதைப் பார்த்தவர்களால் நம்ப முடியவில்லை. 1922இல் வக்தாங்கோவ் காலமானதும் ஸ்ரூடியோவின் தலைமை இவர் கைக்கு வந்தது. 1924இல் அது இரண்டாம் மொஸ்கோ கலை அரங்கு எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே அவர் ஹம்லெற்றாக நடித்தார். அந்த நாடகத்தின் ஒத்திகைகளில் நடிகர்கள் பந்துகளை ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்தபடி வசனங்களைப் பேசிப் பழகினர். சொல்லுக்கு முன்னே அசைவு பிறக்க வேண்டும், வசனம் மற்றவரின் கையிற் சென்று சேர வேண்டும் என்பது அதன் கருத்து. மனப்பாடம் செய்த வசனத்தைச் சுவரைப் பார்த்து ஒப்புவிக்கும் மாணவர்களைப் பழக்குவோர் இன்றும் இதனைக் கையாண்டு பார்க்கலாம். செலவு ஒரு பந்து மட்டுமே.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. ருடொல்ப் ஸ்ரைனரின் ஆன்மிகத் தத்துவத்தில் செக்கோவ் கொண்டிருந்த பற்று ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை. அரங்கினுள்ளேயும் பிளவு ஏற்பட்டது. 1927இல் நடிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறினர். அவர் மறைபொருள் வாதி என்று பத்திரிகைகள் தாக்கின. கைது செய்யப்படும் அபாயம் நெருங்கியது. 1928இல் 'நடிகனின் பாதை' என்ற அவரது தன்வரலாற்று நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிநாடு செல்ல அனுமதி பெற்று, இரண்டாவது மனைவி செனியாவுடன் ஜேர்மனிக்குப் புறப்பட்ட அவர் திரும்பவே இல்லை.

பேர்லினில் அவர் ஹம்லெற் நடிக்கலாம் என எதிர்பார்த்தார். அங்கு அவரிடம் கேட்கப்பட்டவையோ ஆடலும் வேடிக்கையும். புகழ்பெற்ற நெறியாளர் மக்ஸ் றைன்ஹார்ட் 'ஆர்ட்டிஸ்ரன்' என்ற நாடகத்தில் ஸ்கிட் என்னும் கோமாளி வேடத்தை வழங்கினார். அரைகுறையாகவே தெரிந்த ஜேர்மன் மொழியில், சொல் சொல்லாக உருப்போட்டு, 1929இல் வியன்னாவில் அவர் மேடையேறினார். அந்த இரவில் நிகழ்ந்த ஒன்றை அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிட் தம்மிலிருந்து பிரிந்து நிற்பதை அவர் கண்டாராம். பாத்திரம் துயரத்தில் மூழ்கி நடிக்க, நடிகரோ அமைதியாக அதனைப் பார்த்துக் கொண்டும் வழிநடத்திக் கொண்டும் இருந்தார். தாய்மொழியில் இத்தனை ஆண்டுகள் நடித்தபோது தெளிவாகக் கிட்டாத அனுபவம், அந்நிய மொழியிலே தடுமாறிய இரவிற் கிட்டியது. நடிகன் தன் சொந்தத் துயரத்தை மேடையிற் கொட்ட வேண்டியதில்லை என்ற அவரது கொள்கை இதனால் மேலும் உறுதிப்பட்டது.

பேர்லினில் 1930இல் நிகழ்ந்த சந்திப்பொன்றையும் இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியாது. ருஷ்யாவின் மாபெரும் நெறியாளரான மெயர்ஹோல்ட் அங்கு வந்திருந்தார். நாடு திரும்பினால் உயிருக்கே ஆபத்து நேரும் எனச் செக்கோவ் அவரை எச்சரித்தார். மெயர்ஹோல்ட் அபாயத்தை மறுக்கவில்லை. நேர்மையின் பொருட்டுத் திரும்புவதாகவே கூறிச் சென்றார். 1938இல் அவரது அரங்கு மூடப்பட்டது. 1940இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். செக்கோவ் விட்டுவந்த இரண்டாம் கலை அரங்கு அதற்கு முன்பே, 1936இல், மூடப்பட்டிருந்தது. போனவர் சரியா, நின்றவர் சரியா என்ற கேள்வியை இங்கு எழுப்புவதில் எனக்கு விருப்பமில்லை. அந்த இருவரும் ஒருவரையொருவர் இகழ்ந்ததில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பின்னர் பாரிஸ். அங்கே பல்லாயிரம் ருஷ்யர் குடியேறியிருந்தனர். அவர்களுக்கென ஒரு அரங்கை நிறுவச் செக்கோவ் முயன்றார். 1931இல் அவர் மேடையேற்றிய 'மாளிகை விழிக்கிறது' என்ற படைப்பு ருஷ்ய நாட்டார் கதையை அடிப்படையாகக் கொண்டது. மொழி தெரியாதோரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் சொற்களைக் குறைத்து, அசைவையும் இசையையும் ஒளியையும் கொண்டு அதனை அமைத்திருந்தார். முயற்சி தோல்வியுற்றது. ஊர் நினைவைத் தூண்டும் பழைய நாடகங்களை எதிர்பார்த்து வந்த ருஷ்யருக்கு இது அந்நியமாக இருந்தது. பிரெஞ்சுக்காரரை அது எட்டவில்லை. எனது எண்ணத்தில், இத்தோல்விக்குப் பார்வையாளரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. நாட்டை இழந்தவர்கள் மேடையில் முதலிற் காண விரும்புவது தங்கள் வீட்டு முற்றத்தை. அதனைக் காட்டிய பின்னரே வேறொன்றைக் காட்ட முடியும். செக்கோவ் அவசரப்பட்டார்.

1932 முதல் 1934 வரை லத்வியாவிலும் லித்துவேனியாவிலும் கழிந்த காலம் அவருக்குச் சற்று இதமானது. றீகா நகரில் ஏனைய நடிகர்கள் லத்விய மொழியிற் பேச, இவர் ருஷ்ய மொழியிற் பேசி நடித்தார். பார்வையாளர் அதை ஏற்றுக்கொண்டனர். கௌனாஸ் நகரில் இளம் நடிகர்களுக்குக் கற்பித்தார். இக்காலத்திற் கடுமையான இருதய நோய்க்கு ஆளானார். 1934 மே மாதம் லத்வியாவில் ஆட்சி கவிழ்க்கப்பட்டதும் அங்கிருந்தும் வெளியேற நேர்ந்தது.

அடுத்த ஆண்டு ருஷ்ய நடிகர் குழுவொன்றுடன் அமெரிக்கா சென்று ருஷ்ய மொழியிலேயே நடித்தார். அதைப் பார்த்தவர்களுள் பியற்றிஸ் ஸ்ரெயிற் என்ற இளம் நடிகையும் ஒருவர். மொழி விளங்காமலேயே மெய்மறந்த அவர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தம் தாயாரும் மாற்றுத் தந்தையும் நடத்திவந்த டார்ட்டிங்டன் ஹோலுக்குச் செக்கோவை அழைத்தார். மாற்றுத் தந்தையான லெனார்ட் எல்ம்ஹேர்ஸ்ற், இரவீந்திரநாத் தாகூருடன் இணைந்து வங்காளத்தில் ஸ்ரீநிகேதன் கிராமப் புனரமைப்பு நிலையத்தை 1922இல் உருவாக்கியவர். அங்கு கண்டவற்றின் தூண்டுதலாலேயே டார்ட்டிங்டனை நிலமும் கல்வியும் கலையும் இணைந்த இடமாக அவர் வளர்த்தெடுத்தார். நடனக் கலைஞர் உதயசங்கரும் அங்கு தங்கியவர். அல்மோராவில் அவர் அமைத்த கலை நிலையத்துக்கு இக்குடும்பத்தினர் துணை நின்றனர். அதே உதயசங்கர் பின்னர் சென்னை ஜெமினி ஸ்ரூடியோவில் 'கல்பனா' என்ற திரைப்படத்தை எடுத்து 1948இல் வெளியிட்டார் என்பது எம்மவர்க்குச் சுவையான செய்தி. கலையின் பாதைகள் எங்கெங்கோ சென்று கூடுகின்றன.

1936 இலையுதிர் காலத்தில் செக்கோவ் நாடகப் பள்ளி டார்ட்டிங்டனில் ஆரம்பமாயிற்று. பல நாடுகளிலிருந்து வந்த சுமார் இருபது மாணவர்கள். ஆசிரியருக்கு வயது நாற்பத்தைந்து. ஆங்கிலத்தை அப்பொழுதுதான் கற்றுக் கொண்டிருந்தார். மாணவி ஒருவர் அவரது பாடங்களைச் சுருக்கெழுத்திற் பதிவு செய்து வைத்தமையால் அவை இன்றும் எமக்குக் கிடைக்கின்றன.

அவர் கற்பித்தவை யாவை? முதலாவது, கற்பனை. பாத்திரத்தை மனக்கண்ணிற் கொண்டுவந்து, அதனிடம் கேள்விகள் கேட்டு, அது எப்படி நடக்கிறது, எப்படி அமர்கிறது எனப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டு நடிக்கக் கூடாது. இரண்டாவது, உளச் சைகை. ஒரு மனிதனின் அடிமன வேட்கை முழுவதையும் ஒரேயொரு பெரிய உடலசைவில் அடக்கிக் காட்டுவது அது. பேராசைக்காரனுக்கு இரு கைகளாலும் வாரியணைக்கும் அசைவு. அஞ்சியவனுக்குப் பின்வாங்கிச் சுருளும் அசைவு. நடிகன் அதனைத் தனிமையில் முழுப் பலத்தோடு செய்து பழகுவான். மேடையில் அது வெளிப்படத் தெரியாது, ஆயினும் உள்ளே நின்று அவனை இயக்கும். மூன்றாவது, சூழலின் உணர்வு. மரணவீட்டிற்கும் திருவிழாவுக்கும் தனித்தனியான காற்று உண்டல்லவா? அக்காற்றை மேடையில் நிரப்பினால் வசனம் தானே பிறக்கும் என்பார். இலகு, வடிவம், அழகு, முழுமை ஆகிய நான்கும் எந்தச் செயலிலும் இருக்க வேண்டும் என்பதும் அவரது பாடம்.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக இருந்தது, மாணவனின் சொந்தக் காயத்தைத் தோண்டாதே என்ற விதி. ஆறாத புண்ணை மேடைக்காகக் கிளறுவது நடிகனையும் கெடுக்கும், கலையையும் கெடுக்கும் என்று அவர் கருதினார். எமது பிள்ளைகளுக்கு இந்த நாடுகளில் நாடகம் பழக்குவோர் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும். குண்டுச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், அந்தப் பயத்தை நினைத்துக்கொண்டு அழுது காட்டு என்று கேட்பது எளிது. அவையோர் கண்ணீர் விடுவர், கைதட்டுவர். வீட்டுக்குப் போன பின் அந்தப் பிள்ளை அன்றிரவு என்ன கனவு கண்டது என்பதை எவரும் கேட்பதில்லை. வேறொருவனின் பயத்தைக் கற்பனை செய்து நடிக்கும்படி கேட்டால், பிள்ளை அதற்குள் நுழையவும் அதிலிருந்து வெளியே வரவும் ஒரு கதவு இருக்கும். தம் மனமும் ஒருகாலத்தில் நொருங்கிக் கிடந்தமையினாலேயே செக்கோவ் இக்கதவின் தேவையை அறிந்திருந்தார் என நினைக்கிறேன்.

போர் நெருங்கியதால் 1938இன் இறுதியிற் பள்ளி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள றிஜ்பீல்டுக்கு இடம்பெயர்ந்தது. 1939இல் தொஸ்தயெவ்ஸ்கியின் நாவலைத் தழுவி நியூயோர்க்கில் மேடையேற்றிய நாடகம் விரைவிலேயே நின்று போயிற்று. மனந்தளராமல், 'பன்னிரண்டாம் இரவு', 'லியர் அரசன்' ஆகியவற்றுடன் இளம் நடிகர்கள் ஊர் ஊராகப் பயணம் செய்தனர். பின்னாளில் திரையுலகிற் புகழ்பெற்ற யூல் பிரின்னரும் அவர்களுள் ஒருவர். ஆண் மாணவர்கள் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட, 1942இல் பள்ளி மூடப்பட்டது.

இனி ஹொலிவூட். அங்கு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஐரோப்பிய உச்சரிப்புடன் ஆங்கிலம் பேசும் முதியவர்களின் சிறு பாத்திரங்கள். ஹிட்ச்கொக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) படத்தில் முதிய மனநோய் வைத்தியராக நடித்து ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஹம்லெற்றாக நின்றவருக்கு இது போதாது என்று நாம் வருந்தலாம். அவரோ மாலை வேளைகளிற் கற்பித்துக் கொண்டிருந்தார். அந்தனி குவின், ஜாக் பலன்ஸ், மரிலின் மன்றோ ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். அவரது முறையை விளக்கும் 'நடிகனுக்கு' என்ற நூல் 1953இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. முதலில் அவரை அழைத்துவந்த பியற்றிஸ் ஸ்ரெயிற், 'நெற்வேர்க்' என்ற படத்தில் சில நிமிடங்களே தோன்றி நடித்தமைக்காக 1977இல் ஒஸ்கார் விருது பெற்றார்.

1955 செப்டெம்பர் 30ஆம் நாள் செக்கோவ் கலிபோர்னியாவிற் காலமானார். சோவியத் நாட்டில் அவரது பெயர் நெடுங்காலம் அரங்க வரலாற்று நூல்களில் மறைக்கப்பட்டிருந்தது. அவரது எழுத்துகள் இரு தொகுதிகளாக மொஸ்கோவில் வெளியானது 1986இல். அவர் இறந்த ஆண்டில் ஹொலிவூட் நடிகர்களுக்கு ஆற்றிய விரிவுரைகள் ஒலிநாடாவிற் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஓடும் அவற்றில், ருஷ்ய உச்சரிப்பு இன்னும் மாறாத ஆங்கிலத்தில், நிதானமாக, இடையிடையே நகைச்சுவை கலந்து அவர் பாடம் நடத்துவதை இன்றும் கேட்கலாம்.